பாலியல் தொழிலும் சட்டமும்: பாதுகாப்பு யாருக்கு?



"கேளிக்கை மையத்தில் போலீசார் அதிரடிச் சோதனை, அழகிகள் கைது." இப்படியொரு செய்தி வராத மாதம் உண்டா? கூடவே ஒரு படமும் வரும். தலைமுடியால் முகத்தை மறைத்துக்கொண்டு தரையில் குந்தியிருக்கும் பெண்கள், சுற்றி நிற்கும் அதிகாரிகள். பணம் கொடுத்து வந்த ஆடவர் அந்தப் படத்தில் பெரும்பாலும் இருக்க மாட்டார். பெண்ணுக்கு அழகி, விலைமாது, பரத்தை என்று பத்திரிகைத் தமிழில் எத்தனையோ பெயர்கள். ஆணுக்கு ஒரே பெயர்தான், "வாடிக்கையாளர்". மளிகைக் கடைக்கு வருகிறவரும் வாடிக்கையாளர்தான்.

பாலியல் தொழில் நல்லதா கெட்டதா என்று இன்று பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை. அதற்கு ஒவ்வொரு குடும்பத்திலும், கோயிலிலும், பள்ளிவாசலிலும், தேவாலயத்திலும் ஏற்கெனவே விடை இருக்கிறது. இன்றைய தலைப்பு அதைவிடச் சிறியது. எந்தக் காரணத்தினாலோ ஒரு பெண் அந்தத் தொழிலில் இருக்கிறார் என்றால், அவர் உயிரோடு வீடு திரும்புவதற்கு நாட்டின் சட்டம் துணை நிற்கிறதா, அல்லது குறுக்கே நிற்கிறதா? அவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறிய கேள்வியை வைத்துக்கொண்டு உலகம் கால் நூற்றாண்டாக அடித்துக்கொள்கிறது.

கனடாவிலிருந்து தொடங்குவோம். அங்கே வான்கூவர் நகரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் வட்டாரம், நாட்டின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. 1990-களில் அங்கே தெருவில் நின்று தொழில் செய்த பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அவர்களில் பலர் பழங்குடிப் பெண்கள், பலர் போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள். உறவினர்கள் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். "எங்கேயாவது போயிருப்பாள், வருவாள்" என்கிற தோரணையில்தான் பல புகார்கள் கையாளப்பட்டன. குற்றம் நிகழும் இடங்களை வரைபடத்தில் குறித்து ஆராய்வதில் பெயர் பெற்ற கிம் ரோஸ்மோ என்ற அதிகாரி வான்கூவர் போலீஸ் துறையிலேயே இருந்தார். தொடர் கொலைகாரன் ஒருவன் நடமாடக்கூடும் என்று அவர் 1998-இல் எச்சரித்தார். மேலதிகாரிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போர்ட் கோகுவிட்லம் என்ற பக்கத்து ஊரில் பன்றிப் பண்ணை வைத்திருந்த ராபர்ட் பிக்டன் 2002 பிப்ரவரியில்தான் சிக்கினான். அதுவும் கொலைக்காக அல்ல. சட்டவிரோதத் துப்பாக்கி இருக்கிறதா என்று பார்க்கப் போன போலீசார் கண்ணில், காணாமல் போன பெண்களின் பொருட்கள் பட்டன. பண்ணையைத் தோண்டியபோது 33 பெண்களின் உடற்கூறுகள் அல்லது மரபணுத் தடயங்கள் கிடைத்தன. 49 பேரைக் கொன்றதாகச் சிறை அறையில் கைதி வேடத்தில் இருந்த போலீஸ்காரரிடம் அவன் பீற்றிக்கொண்டான். 2007 டிசம்பரில் 6 பெண்களின் கொலைக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 மே மாதம் சிறையில் சக கைதி தாக்கியதில் அவன் இறந்து போனான்.

இதில் நெஞ்சைப் பிசையும் விஷயம் ஒன்று உண்டு. 1997 மார்ச்சில் அதே பண்ணையிலிருந்து ஒரு பெண் கத்திக்குத்துக் காயங்களோடு தப்பி ஓடி வந்தார். அவர் கையில் விலங்கு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த விலங்கின் சாவி பிக்டனின் சட்டைப்பையில் கிடைத்தது. கொலை முயற்சிக் குற்றச்சாட்டும் பதிவானது. ஆனால் அந்தப் பெண் போதைப் பழக்கம் உள்ளவர், அவருடைய சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்காது என்று கருதி, 1998 ஜனவரியில் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. எந்த 6 பெண்களின் கொலைக்காக அவன் தண்டிக்கப்பட்டானோ, அந்த 6 பேரும் காணாமல் போனது 1997 மார்ச்சுக்குப் பிறகுதான்.

இதைப் பற்றி விசாரித்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் வாலி ஓப்பல். பஞ்சாபி வம்சாவளியினர், முன்னாள் நீதிபதி, பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் முன்னாள் சட்டத்துறைத் தலைவர். 2012 டிசம்பரில் வெளியான அவருடைய அறிக்கை, போலீசாரின் தோல்வியைச் சுற்றி வளைக்காமல் சொன்னது. காணாமல் போனவர்கள் வேறு வர்க்கத்துப் பெண்களாக இருந்திருந்தால் விசாரணை இப்படி நடந்திருக்காது என்பதே அதன் சாரம்.

போலீசார் தவறு செய்தார்கள், சரி. இதில் சட்டத்தின் பங்கு என்ன?

கனடாவில் பாலியல் தொழில் அப்போது குற்றமே அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அதைச் சுற்றியுள்ள எல்லாமே குற்றம். பொது இடத்தில் நின்று வாடிக்கையாளரிடம் பேசினால் குற்றம். சொந்த வீட்டிலோ வாடகை அறையிலோ தொடர்ந்து தொழில் செய்தால் அது விபச்சார விடுதி, அதுவும் குற்றம். அந்த வருமானத்தில் வாழ்கிறவர் எவரும் குற்றவாளி. தரகரும் குற்றவாளி, அந்தப் பெண் தன் பாதுகாப்புக்காகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் காவலாளியும் குற்றவாளி, காரோட்டியும் குற்றவாளி.

இதைத் தெருவில் நிற்கும் பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள். இரவு ஒரு மணி. ஒரு கார் வந்து நிற்கிறது, கண்ணாடி இறங்குகிறது. உள்ளே இருப்பவன் குடித்திருக்கிறானா, பின் இருக்கையில் வேறு யாராவது பதுங்கியிருக்கிறார்களா, கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்கிறதா, வண்டி எண் என்ன, எங்கே கூட்டிப் போகிறான், எதற்கு எவ்வளவு பணம் என்று பேசி முடிவு செய்ய அவருக்கு ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தைத்தான் சட்டம் குற்றமாக்கியிருந்தது. போலீஸ் வண்டி எந்த முனையிலிருந்து வருமோ என்ற பயத்தில், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கதவைத் திறந்து ஏறிக்கொள்வார்கள். வெளிச்சமான தெருவில் நின்றால் பிடிபடுவோம் என்று கிடங்குகள் இருக்கும் இருண்ட பகுதிக்கு நகர்ந்து போவார்கள். வான்கூவரில் "பாட்டி வீடு" என்று அழைக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு இல்லம் இருந்தது. பெண்கள் வாடிக்கையாளரோடு அங்கே வரலாம், கூப்பிட்டால் உதவிக்கு ஆள் இருக்கும். பெண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, விபச்சார விடுதிச் சட்டத்தைக் காட்டி அந்த வீட்டை மூடினார்கள்!

இந்த மூன்று சட்டப் பிரிவுகளையும் எதிர்த்து 2007-இல் டெரி ஜீன் பெட்ஃபோர்ட், வலேரி ஸ்காட், ஏமி லெபோவிச் என்ற மூன்று பெண்கள் ஒண்டாரியோ நீதிமன்றத்தின் படியேறினார்கள். மூவருமே அந்தத் தொழிலை அறிந்தவர்கள். பெட்ஃபோர்ட் அம்மையார் கறுப்புத் தோலாடையும் கையில் சவுக்குமாக நீதிமன்ற வாசலில் நின்று பேட்டி கொடுத்தவர். நாட்டின் பாதிப் பேர் முகம் சுளித்திருப்பார்கள். நீதிபதிகள் முகம் சுளிக்கவில்லை. 2010-இல் நீதிபதி சூசன் ஹைமல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். வழக்கு மேலே போனது. 2013 டிசம்பர் 20-ஆம் நாள், கனடாவின் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக மூன்று பிரிவுகளும் அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவித்தார்கள்.

அரசாங்கத்தின் வாதம் எளிமையானது. ஆபத்தான தொழில் என்று தெரிந்தே இவர்கள் இறங்குகிறார்கள், அடிப்பவனும் கொல்பவனும் தரகனோ வாடிக்கையாளனோதான், சட்டம் என்ன செய்யும் என்றது அரசு. தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்லின் இதற்குச் சொன்ன பதில் பாமரருக்கும் புரியும். மிதிவண்டி ஓட்டுவது ஆபத்துதான், ஓட்டுபவர் விரும்பித்தான் ஓட்டுகிறார். அதற்காக "தலைக்கவசம் அணியக்கூடாது" என்று ஒரு சட்டம் போட்டுவிட்டு, விழுந்து மண்டை உடைந்தால் சட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியுமா என்பதுதான் அவருடைய ஒப்பீடு. பேசிப் பார்க்க வாய்ப்பிருந்து, ஒரே ஒரு பெண்ணாவது பிக்டனின் காரில் ஏறாமல் தப்பியிருக்க முடியும் என்றால், இந்தச் சட்டம் செய்த தீங்குக்கு அதுவே போதுமான சான்று என்றும் தீர்ப்பு குறிப்பிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்த மன்றத்துக்கு அவசியமே இல்லை. புதிய சட்டம் இயற்ற நீதிமன்றம் ஓராண்டு அவகாசம் கொடுத்தது. 2014 டிசம்பர் 6-இல் வந்த புதிய சட்டம், கனடா வரலாற்றில் முதன்முறையாகப் பணம் கொடுத்து உடலுறவு வாங்குவதையே குற்றமாக்கியது. விற்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் தண்டனை இல்லை. வாங்கும் ஆணுக்கு உண்டு.

இந்த யோசனை சுவீடன் நாட்டுச் சரக்கு. 1999 ஜனவரி 1-இல் சுவீடன் இதைக் கொண்டு வந்தது. பெண்ணை விலைக்கு வாங்கலாம் என்ற நினைப்பே பெண்ணுக்கு எதிரான வன்முறை; வாங்குபவன் இருக்கும் வரை தரகன் இருப்பான், தரகன் இருக்கும் வரை கடத்தல் இருக்கும்; ஆகவே வாங்குபவனைப் பிடி என்பது அதன் தத்துவம். நோர்வே, ஐஸ்லாந்து, வட அயர்லாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, இஸ்ரேல் என்று வரிசையாகப் பின்பற்றினார்கள். தெருவில் நடக்கும் தொழில் பாதியாகக் குறைந்துவிட்டது என்று 2010-இல் சுவீடன் அரசின் மதிப்பாய்வு கூறியது.

இந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களை ஒழுக்கவாதிகள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. கனடாவில் பெட்ஃபோர்ட் வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றவர்களில் பழங்குடிப் பெண்களின் அமைப்பும் இருந்தது. வான்கூவரில் செத்தவர்கள் அவர்களுடைய பெண்கள். வறுமையும் போதையும் சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்து தெருவில் தள்ளிய ஒரு பெண்ணைப் பார்த்து, "அவள் விருப்பப்பட்டுத் தேர்ந்தெடுத்த தொழில்" என்று சொல்லாதீர்கள் என்பதே அவர்களின் வாதம். அதில் உள்ள கோபத்தை மறுக்க யாரால் முடியும்?

ஆனால் மறுபடியும் அந்தக் கார் கண்ணாடிக்கு அருகே வாருங்கள். இப்போது பயப்படுகிறவன் ஆண். போலீஸ் வருமோ என்று அவன் அவசரப்படுகிறான். "முதலில் ஏறு, பிறகு பேசலாம்" என்கிறான். பெயரைச் சொல்ல மாட்டான், தொலைபேசி எண்ணைக் காட்ட மாட்டான். கௌரவமாக வாழும் ஆள் பிடிபட அஞ்சி வராமல் இருந்துவிடலாம். பிடிபட அஞ்சாதவன் வருவான். மிச்சமிருக்கும் வாடிக்கையாளர்களில் பொறுக்கி எடுக்கும் நிலையில் அந்தப் பெண் இருக்க மாட்டார். குற்றவாளி யார் என்பதைச் சட்டம் மாற்றியிருக்கிறது. அந்த இரண்டு நிமிடம் திரும்பக் கிடைத்ததா என்பது சந்தேகமே. வட அயர்லாந்தில் 2015-இல் இச்சட்டம் வந்த பிறகு, அரசின் நீதித்துறை அமைச்சே பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தை அமர்த்தி ஆராயச் சொன்னது. 2019-இல் வந்த முடிவு, பாலியல் சேவைக்கான கிராக்கி குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது.

பிரான்சில் 261 பேர் இதே காரணத்தைச் சொல்லி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஜூலையில் அவர்கள் தோற்றார்கள். இது அந்தந்த நாட்டு மக்கள் பிரதிநிதிகள் தீர்மானிக்க வேண்டிய சிக்கலான சமூகப் பிரச்சினை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. கனடாவிலும் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புதிய சட்டத்தின் இரு பிரிவுகளை, அதாவது பிறர் தொழிலில் லாபம் பார்ப்பதையும் ஆள் சேர்ப்பதையும் தடுக்கும் பிரிவுகளை, செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெண்கள் சேர்ந்து வேலை செய்யவும், பாதுகாப்புக்கு ஆள் வைக்கவும் புதிய சட்டம் இடம் கொடுக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். வாங்குவது குற்றம் என்ற பிரிவைப் பற்றி அந்த வழக்கில் தீர்ப்பு இல்லை.

இன்னொரு பாதையில் போனது நியூசிலாந்து. 2003 ஜூன் மாதம் பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. நாடாளுமன்றத்தில் ஆதரவு 60, எதிர்ப்பு 59. ஒருவர் வாக்களிக்கவில்லை. அவர் அஷ்ரப் சௌத்ரி, அந்த நாடாளுமன்றத்தின் ஒரே முஸ்லிம் உறுப்பினர். அவர் எதிர்த்து வாக்களித்திருந்தால் மசோதா விழுந்திருக்கும். விவாதத்தில் பேசியவர்களில் ஜார்ஜினா பேயரும் ஒருவர். இளவயதில் அந்தத் தொழிலில் இருந்த திருநங்கை, பின்னர் நகர மேயராகி நாடாளுமன்றத்துக்கு வந்தவர். தான் பாலியல் வன்முறைக்கு ஆளானபோது போலீசிடம் போக வழியில்லாமல் இருந்ததை அவையிலேயே சொன்னார். தொலைக்காட்சியில் ஆயிரம் வல்லுநர்கள் பேசுவதைவிட அந்தச் சில நிமிடங்கள் கனமானவை.

புதிய சட்டப்படி நான்கு பெண்கள் வரை முதலாளி இல்லாமல் சேர்ந்து ஒரு வீட்டில் தொழில் செய்யலாம். பணம் வாங்கிய பிறகும் "முடியாது" என்று மறுக்கும் உரிமை உண்டு. விடுதி உரிமையாளர் தன்னிடம் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று ஒரு பெண் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, 2014-இல் 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். நாடு முழுவதும் விபச்சாரம் பெருகிவிடும் என்று பயமுறுத்தினார்களே, 2008-இல் வந்த அரசாங்க மறுஆய்வு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னது. வன்முறை ஒழிந்துவிட்டதாகவும் அது சொல்லவில்லை. ஆனால் நியூசிலாந்துக்காரர்கள் ஓர் ஓட்டையை வைத்திருக்கிறார்கள். தற்காலிக விசாவில் வந்தவர் இந்தத் தொழில் செய்தால் நாடு கடத்தப்படலாம். ஆகவே உள்ளூர்ப் பெண் அடிபட்டால் போலீசைக் கூப்பிடலாம், வெளிநாட்டுப் பெண் அடிபட்டால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

சட்டப் புத்தகத்தைத் திருத்தாமலேகூடச் செய்யக்கூடியது உண்டு. இங்கிலாந்தின் மெர்சிசைட் போலீசார் 2006 முதல் பாலியல் தொழிலாளர்கள் மீதான தாக்குதலை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்து விசாரிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டின் இறுதியில் இப்ஸ்விச் நகரில் சில வாரங்களுக்குள் 5 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அந்நகரம் தெருவில் நின்ற பெண்களைப் பிடிப்பதை விட்டுவிட்டு, தேடி வந்த ஆண்களைப் பிடித்தது. பெண்களுக்குப் போதை மறுவாழ்வும் தங்குமிடமும் கொடுத்தது. சுவீடன் பாணிதான், ஆனால் வெறும் தடியோடு நிற்காமல் சோற்றையும் கூரையையும் சேர்த்துக் கொடுத்த பாணி. அந்தச் சேர்க்கை இல்லாத இடங்களில் பெண்களுக்கு மிஞ்சுவது தடி மட்டுமே.

தாயகமான இந்தியாவின் நிலையும் நம் நேயர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே 1956-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும். கனடாவின் பழைய சட்டத்தைப் போலவே தொழில் குற்றமல்ல, சுற்றியுள்ளவை குற்றம். பாலியல் தொழிலாளியின் வருமானத்தில் வாழும் 18 வயது தாண்டிய எவரும் தண்டனைக்கு உரியவர். தாயின் சம்பாத்தியத்தில் கல்லூரிக்குப் போகும் மகனும் எழுத்துப்படி இதில் அடங்குவான்! கல்கத்தாவில் 1999-இல் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. கொலையாளியின் மேல்முறையீட்டை 2011-இல் தள்ளுபடி செய்த நீதிமன்றம், அத்தோடு கோப்பை மூடாமல் இப்பெண்களின் நிலையையே தொடர்ந்து விசாரித்தது. 2022 மே 19-இல் வந்த உத்தரவின்படி, பாலியல் தாக்குதலுக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்றப் பெண்களுக்கு உரிய மருத்துவ, சட்ட உதவி அனைத்தும் கிடைக்க வேண்டும். ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டக்கூடாது. சோதனை நடக்கும்போது அப்பெண்களின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக்கூடாது. கேமராவைத் தூக்கிக்கொண்டு போலீசார் பின்னால் ஓடும் தொலைக்காட்சித் துறையினர் இதை இருமுறை படிப்பது நல்லது.

மலேசியாவில் பொது இடத்தில் ஆள் அழைப்பது தண்டனைச் சட்டத்தின் 372பி பிரிவின்கீழ் குற்றம், விடுதி நடத்துவது 373-இன்கீழ் குற்றம். ஆள் கடத்தலுக்கு எதிரான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், கடத்தப்பட்டவர் என்று அடையாளம் காணப்பட்டவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஏமாற்றி அழைத்துவரப்பட்டவர் யார், கடனை அடைக்கத் தானே வந்தவர் யார், வந்தபின் கடப்பிதழைப் பறிகொடுத்தவர் யார் என்று ஒரே இரவில், மொழி தெரியாத அதிகாரி ஒருவர், வரிசையாக உட்கார வைக்கப்பட்ட பெண்களைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் விழுந்தால் பாதுகாப்பு இல்லம், மறுபக்கம் விழுந்தால் குடிநுழைவுத் தடுப்பு முகாம்.

இந்த மன்றத்தில் ஒரு வழக்கறிஞரும், ஒரு மருத்துவரும், ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரும் அமர்ந்திருக்கிறார்கள். சுவீடன் சரியா, நியூசிலாந்து சரியா என்று அவர்கள் பிறகு வாதாடட்டும். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். பெர்மிட் இல்லாத ஒரு பெண் விடியற்காலை மூன்று மணிக்கு விலா எலும்பு முறிந்து ஒரு மலிவு விடுதி அறையிலிருந்து தப்பி வெளியே வருகிறார். அடித்தவனின் கார் எண் அவருக்குத் தெரியும். அவன் மறுவாரமும் வேறொரு பெண்ணைத் தேடி வருவான் என்பதும் தெரியும். அந்த எண்ணை, தான் கைதாகாமல், அவர் எந்த முகப்பிடத்தில் போய்ச் சொல்லலாம்? போலீஸ் அதிகாரி ஐயா முதலில் பதில் சொல்லலாம்.